பிஸ்பி ஊரும் மேல்மாடிப் பெட்டியும்: ஒரு கேள்விக்குப் பதில்

காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் பிஸ்பி என்ற தாமிரச் சுரங்க ஊர். 1917-இல் அங்கே தொழிலாளர்களை ரயிலில் ஏற்றிப் பாலைவனத்தில் கொண்டுபோய் விட்டார்களாம். நூறு வருஷம் கழித்து அந்த ஊர்க்காரர்களே அதைத் தெருவில் நடித்துக் காட்டியதை ஓர் ஆவணப்படத்தில் பார்த்தேன். அப்படி என்னதான் நடந்தது? இத்தனை வருஷம் கழித்துக் கிளறுவதால் யாருக்கு என்ன லாபம்? எங்கள் வீட்டு மேல்மாடியில் ஐயா காலத்து பர்மாக் கணக்குப் பெட்டிகள் இரண்டு கிடக்கின்றன. பழைய சாமான் கடைக்காரர் விலை கேட்கிறார். வீட்டுப் பெரியவர்கள் 'கொடுத்துத் தொலை' என்கிறார்கள்." கேள்வி பிஸ்பியில் தொடங்கினாலும் அவர் மனசு அந்தப் பெட்டிகள் மேல்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. கொடுக்கலாமா, திறக்கலாமா, திறந்தால் உள்ளே என்ன வரும் என்பதுதான் அவருடைய கேள்வி. இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். தொழிலாளர் வரலாறுதான் என் பாடம். பிஸ்பியை நேரில் பார்த்ததில்லை. அந்தச் சம்பவத்தை விசாரித்த குழுவின் அறிக்கை, நீதிமன்றத் தீர்ப்பு வழியாகத்தான் எனக்கு அந்த ஊரைத் தெரியும். செட்டிநாட்டுக் கணக்குப் பேரேடுகளைப் படிக்கக் கற்றுக்கொண்டது வேறு காரணத்தால். என் தாத்தா பர்மாவில் ஒரு வட்டிக்கடையில் சமையல் ஆளாக இருந்தார். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் பிஸ்பி. மெக்சிகோ எல்லையை ஒட்டிய மலைப்பகுதியில் 1880 வாக்கில் உருவான ஊர். காப்பர் குயீன் அங்கே பேர்போன சுரங்கம், ஃபெல்ப்ஸ் டாட்ஜ் பெரிய கம்பெனி. சுரங்கம் மட்டுமில்லை, ஊரின் பெரிய கடை, ஆஸ்பத்திரி, உள்ளூர்ப் பத்திரிகை என்று எல்லாவற்றிலும் அந்தக் கம்பெனியின் கை இருந்தது. பக்கத்து ரயில் பாதையும் அவர்களுடையதுதான். 1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. குண்டு, தோட்டா எல்லாவற்றுக்கும் தாமிரம் வேண்டும். விலை ஏறியது, கம்பெனிக்கு லாபம் கொட்டியது. ஜூன் மாதக் கடைசியில் உலகத் தொழிலாளர் சங்கம் என்ற தீவிரமான சங்கத்தின் கிளை ஒரு கோரிக்கைப் பட்டியல் கொடுத்தது. ஆட்கள் உள்ளே இருக்கும்போது வெடி வைக்கக் கூடாது. துளைபோடும் எந்திரம் ஒன்றுக்கு இரண்டு பேர் வேண்டும். சங்கத்தில் சேர்ந்தவனை வேலையில் ஒதுக்கக் கூடாது. தாமிர விலையோடு ஏறி இறங்கும் கூலிக்குப் பதிலாக, உள்ளே இறங்குபவனுக்கு நாளுக்கு 6 டாலர் நிலையான கூலி வேண்டும். படித்துப் பாருங்கள், இதில் புரட்சி எங்கே இருக்கிறது? பாதிக்கு மேல் உயிர் பிழைப்பதற்கான கோரிக்கை. கம்பெனிகள் ஒன்றைக்கூட ஏற்கவில்லை. சுரங்கத்து ஆட்களில் பெரும்பாலோர் வேலையை நிறுத்தினார்கள்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். பிஸ்பியை 'வெள்ளைக்காரன் ஊர்' என்று பெருமையாகச் சொல்லிக்கொண்ட காலம் அது. மெக்சிகோக்காரர்களைச் சுரங்கத்துக்குள் இறங்க விடமாட்டார்கள். மேலே குறைந்த கூலிக்கு வேலை. சீனர்கள் இரவு ஊரில் தங்கக்கூடாது. வேலைநிறுத்தத்தில் மெக்சிகோக்காரர்களும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களும் பெருமளவில் இருந்தார்கள். அதனால் எதிரிகளுக்குச் சுலபமான ஒரு கதை கிடைத்தது: இது கூலித் தகராறு கிடையாது, அந்நியர்கள் போர்க்காலத்தில் செய்யும் தேசத்துரோகம்.

ஜூலை 12. வட்டாரப் போலீஸ் தலைவரான ஷெரீஃப் ஹாரி வீலர் ஏறக்குறைய 2,000 ஊர்க்காரர்களுக்குத் தற்காலிகப் போலீஸ் அதிகாரம் கொடுத்தார். கடைக்காரர், கணக்குப்பிள்ளை, வேலைநிறுத்தத்தில் சேராத தொழிலாளி எல்லோரும் அதில் இருந்தார்கள். ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொள்ளக் கையில் வெள்ளைத் துணி. காலை ஆறரை மணிக்கு வீடு வீடாகப் போய்த் துப்பாக்கி முனையில் ஆட்களை இழுத்தார்கள். வேலைநிறுத்தக்காரர் மட்டுமில்லை, அவர்களுக்குக் கடனுக்குச் சாமான் கொடுத்தவர், அனுதாபமாக ஒரு வார்த்தை பேசியவர் என்று யார் யாரோ சிக்கினார்கள். அன்று இரண்டு பேர் செத்தார்கள். தன்னைப் பிடிக்க வந்தவரை ஒரு சுரங்கத் தொழிலாளி சுட்டார், அடுத்த நிமிஷமே அவரையும் சுட்டுவிட்டார்கள். மற்றவர்களை இரண்டு மைல் நடக்க வைத்து வாரன் என்ற இடத்தில் இருந்த பேஸ்பால் மைதானத்தில் அடைத்தார்கள். 'வேலைக்குத் திரும்புகிறேன்' என்று சொன்னவரை விட்டார்கள். சொல்லாத ஏறக்குறைய 1,200 பேரை மாடு ஏற்றும் 23 ரயில் பெட்டிகளில் ஏற்றினார்கள். தரையில் சாணி, ஜூலை மாதப் பாலைவன வெயில். ரயில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் கொலம்பஸ் ஊருக்குப் போனது. அங்கே இறக்கவிடவில்லை. அடுத்த நாள் விடியுமுன் ஹெர்மனாஸ் என்ற சின்ன நிறுத்தத்தில் தண்ணீர், சாப்பாடு, கூரை எதுவும் இல்லாமல் விட்டுவிட்டு ரயில் போய்விட்டது. பிறகு ராணுவம்தான் அவர்களைக் கொலம்பஸ் முகாமுக்குக் கொண்டுபோய்ச் செப்டம்பர் வரை சோறு போட்டது.

இதில் எது உறுதி, எது விவாதம் என்று பிரித்துக்கொள்வது நல்லது. ஆட்களைக் கடத்தியது, ரயில் யாருடையது, சட்ட அனுமதி இருந்ததா என்பதில் சந்தேகமே கிடையாது. அதிபர் உட்ரோ வில்சன் அமைத்த குழு அதே வருஷம் விசாரித்து, இது முற்றிலும் சட்டவிரோதம் என்று எழுதியது. எண்ணிக்கையில் கொஞ்சம் மாறுபாடு உண்டு. 1,186 என்றும் 1,300-ஐ ஒட்டியும் பார்க்கலாம். 'அவர்கள் ஊரைக் கொளுத்தத் திட்டமிட்டார்கள், அதனால்தான் முந்திக்கொண்டோம்' என்று வீலர் தரப்பு சொன்னதுதான் பெரிய வாதம். 1916 மார்ச்சில் மெக்சிகோவின் பாஞ்சோ வில்லாவின் படை எல்லை தாண்டி அதே கொலம்பஸ் ஊரைத் தாக்கியிருந்தது. அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் அப்படி ஒரு திட்டத்துக்கு ஆதாரம் விசாரணையில் கிடைக்கவில்லை. வேலைநிறுத்தம் அமைதியாகவே நடந்தது. பயம் உண்மையாக இருந்ததற்காகச் செய்தது நியாயமாகிவிடாது என்பது என் தீர்ப்பு.

தண்டனை? ஒருவருக்கும் இல்லை. மத்திய அரசு போட்ட வழக்கை 1920-இல் உச்ச நீதிமன்றம், இது மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது, மத்தியச் சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று தள்ளிவிட்டது. அரிசோனா மாநிலத்தில் 200 பேருக்கு மேல் ஆள்கடத்தல் குற்றம் சாட்டப்பட்டது. முதலில் கூண்டில் நிறுத்தப்பட்டவரை 'தேவை கருதிச் செய்தார்' என்று ஜூரி விடுவித்தது. மற்ற வழக்குகள் அப்படியே காற்றில் போயின.

அப்புறம் வந்த மௌனத்தைத்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். கடத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஊருக்குத் திரும்பவே இல்லை. திரும்ப முயன்றவர்களை மறிக்க ஊர் எல்லையில் மாதக்கணக்கில் காவல் போட்டிருந்தார்கள். சுரங்கம் 1975 வரை ஓடியது. அதுவரை ஊரில் குடும்பம் நடத்தியவர்களில் பெரும்பாலோர், அன்று வெள்ளைத் துணி கட்டியவர்களின் பிள்ளைகள், அல்லது 'வேலைக்குத் திரும்புகிறேன்' என்று சொன்னவர்களின் பிள்ளைகள். சம்பளம் கொடுப்பதும் அதே கம்பெனி. அந்த வீடுகளில் யார் யாரிடம் இந்தப் பேச்சை எடுப்பது? கெட்ட மனசால் மட்டும் வந்த மௌனம் இல்லை அது; எதிர்த்துப் பேச வேண்டிய குடும்பம் ஊரிலேயே இல்லாமல் போனதால் வந்தது. 2017-இல் நூறாண்டு நிறைந்தபோது ஊர்க்காரர்கள் அதை நடித்தார்கள். தாத்தா துப்பாக்கி பிடித்த வீட்டுப் பேரன் துப்பாக்கி பிடித்தார். உடன்பிறந்தவனையே பிடித்து ரயிலேற்றியவரின் கதையைத் தலைமுறையாகச் சொல்லிவந்த ஒரு குடும்பமும் உண்டு. கலந்துகொண்டவர்களில் சிலர் கடைசி வரை 'எங்க பெரியவங்க செஞ்சது சரிதான்' என்றே சொன்னார்கள். அதை நான் குறையாக எடுக்கவில்லை. நூறு வருஷம் வாயைத் திறக்காத ஊரில், சரி என்று சொல்பவனும் தப்பு என்று சொல்பவனும் ஒரே மைதானத்தில் நின்றதே பெரிய விஷயம். ஆனால் குறை ஒன்று உண்டு: ரயிலேற்றப்பட்டவர்களின் வேடத்தைப் பெரும்பாலும் அவர்களுக்கு ரத்த உறவு இல்லாதவர்கள்தான் போட வேண்டியிருந்தது. யாருக்கு அநியாயம் நடந்ததோ அவர்கள் இல்லாமலேயே ஒரு ஊர் கணக்குப் பார்க்க வேண்டிய நிலை.

நமக்குத் தெரிந்த கோலார் தங்கவயலை இதோடு வைத்துப் பாருங்கள். அங்கே நிலைமை தலைகீழ். 1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த தமிழ்த் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அதே லைன் வீடுகளில் இருக்கிறார்கள். வேலைக்குத் தினம் பெங்களூருக்கு ரயிலேறிப் போய் வருகிறார்கள். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடிவிட்டுப் போனது நிர்வாகம்தான். அதனால் அங்கே நினைவு அழியவில்லை. எந்தத் தெருவில் கேட்டாலும் யாராவது ஒருவர் சொல்வார்.

சரி, இனி உங்கள் பெட்டிக்கு வருகிறேன். செட்டிநாட்டுக் கதையில் யார் ஊரில் இருக்கிறார்கள், யார் இல்லை என்று பார்க்க வேண்டும். 1930-க்குப் பிறகு உலகம் முழுக்க விலை விழுந்தபோது பர்மா நெல் விலையும் தரைமட்டமானது. அங்கே நம் செட்டியார் வட்டிக்கடைகளில் கடன் வாங்கிய விவசாயியால் திருப்ப முடியவில்லை. அடமான நிலம் கடைகளின் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில், 1930-இல் செட்டியார் கையில் 6 சதவீதம் இருந்த விளைநிலம் 1937 வாக்கில் 25 சதவீதம் ஆனது. இந்த எண்ணைச் செட்டியார்களைக் குறை சொல்பவரும் மறுப்பதில்லை, ஆதரித்துப் பேசுபவரும் மறுப்பதில்லை. ஆசைப்பட்டு வளைத்தார்களா, வேறு வழியில்லாமல் வந்து சேர்ந்ததா என்பதில்தான் சண்டை. என் கருத்து பின்னதன் பக்கம்தான் சாயும். நிலத்தை வைத்து அவர்கள் என்ன செய்ய, அவர்களுக்குப் பணம் புரள வேண்டும். மற்ற உள்ளூர் லேவாதேவிக்காரர்களைவிட அவர்கள் வட்டி குறைவு என்பதும் உண்மை. ஆனாலும் நிலம் இழந்த பர்மிய விவசாயிக்கு இந்த விளக்கம் எதற்கு ஆகும்? அவன் சொந்த வயலிலேயே குத்தகைக்காரன் ஆனான். அவன் பேரன் நம் ஊரில் இல்லை. பர்மாத் தேக்கில் இழைத்த நம் வீடுகளின் வளவுத் தூண்களைப் பார்த்து அவன் ஒரு கேள்வியும் கேட்கப் போவதில்லை. அந்த வகையில் நம் ஊரும் பிஸ்பிதான்.

ஆனால் எல்லோரும் தூரத்தில் இல்லை. பர்மாக் கடை என்றால் முதலாளி மட்டும் என்று நினைத்துவிடுகிறோம். அங்கே கடையை நடத்தும் மேலாள், அவருக்கு உதவியாக அடுத்தாள், வேலை பழகும் பெட்டியடிப் பையன் என்று ஒரு வரிசை. மூன்று வருஷக் கணக்குக்குப் போவார்கள். குடும்பத்தைக் கூட்டிப் போவது வழக்கமில்லை. அவர்களுக்கும் கீழே சமையல் ஆள், தண்ணீர் எடுக்கிறவர், காவல் ஆள். இந்த வரிசையில் கடைசியில் இருந்தவர்கள் பலர் நம் பக்கத்துக் கிராமத்து ஆட்கள். 1941 டிசம்பரில் ஜப்பான் ரங்கூனில் குண்டு போட்டதும் கப்பலில் இடம் பிடித்தவர்கள் கப்பலில் வந்தார்கள். கையில் காசில்லாத லட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் மலை வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தார்கள். வழியில் காலரா. எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் இன்று வரை ஒத்த கணக்கு இல்லை. என் தாத்தா அரக்கான் வழியாக வந்தவர். அவர் அதைப் பற்றிப் பேசியது எனக்குத் தெரிந்து ஒரே ஒரு விஷயம்தான்: தவுங்குப் கணவாயில் கூட வந்தவரை விட்டுவிட்டு நடந்தது. பேரைச் சொல்லமாட்டார். 'தேவகோட்டைப் பையன்' என்பார்.

தாத்தா பெயரைத் தேடித்தான் பேரேடு படிக்கக் கற்றுக்கொண்டேன். ஓய்வு பெற்ற பிறகு பதினொரு வீடுகளில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பெட்டியிலும் அப்படித்தான் இருக்கும். மேலே உ என்று பிள்ளையார் சுழி. சுக்கில வருஷம், அதாவது 1929-30. முதல் கட்டில் சம்பளச் சீட்டு: மேலாள் யார், எந்த ஊர், எந்தக் குலக் கோயில், மூன்று வருஷத்துக்கு என்ன சம்பளம், எல்லாம் அழுத்தமான எழுத்தில் விலாசத்தோடு. அடுத்து அடுத்தாள், அதே மரியாதையோடு. பெட்டியடிப் பையனுக்குச் சீட்டு சின்னது, பேர் இருக்கிறது. அப்புறம் செலவுப் பேரேட்டில் ஒரு ஓரத்தில் 'சமையல் ஆளுக்கு வேட்டி ௨'. அடுத்த மாதம் 'சமையல் ஆள் வகையில் சவுக்காரம்'. மூன்று வருஷமும் புரட்டினேன், அந்த ஆளுக்குப் பேர் இல்லை. அந்த வீட்டு ஆச்சி எனக்கு மோர் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அது யாரு தம்பி?" என்று கேட்டார். "தெரியலை ஆச்சி" என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஊரைச் சுத்திச் சோறு போட்டவனுக்குப் பேரு எழுத ஒரு கோடு இல்லையா" என்றார். அவர் வீட்டுக் கணக்கைப் பற்றி அவரே சொன்னது அது. நான் எதுவும் சொல்லவில்லை.

பிஸ்பியில் ரயிலேற்றப்பட்டவர்களுக்குப் பிற்பாடு ராணுவம் முகாமில் கணக்கெடுத்தது. பேர், எந்த நாட்டுக்காரர், கல்யாணம் ஆனவரா என்று எழுதினார்கள். அதனால்தான் நூறு வருஷம் கழித்தும் அவர்களைப் பற்றிப் பேச முடிகிறது. நம்மிடம் அப்படி ஒரு கணக்கெடுப்பு இல்லை. உங்கள் மேல்மாடியில் இருப்பதுதான் இருக்கிறது. அதில் பேர் இல்லாத இடமும் ஒரு சான்றுதான், ஆனால் பெட்டி கைமாறினால் அதுவும் போச்சு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நான் பார்த்திருக்கிறேன்: பெட்டியை வாங்குகிறவர் பித்தளைப் பூணுக்காகத்தான் வாங்குகிறார். உள்ளே இருந்த காகிதம் கிலோ கணக்கில் போகிறது.

அதனால் விற்காதீர்கள். விற்றே ஆக வேண்டும் என்றால் பெட்டியை விற்றுவிட்டுக் காகிதத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுங்கள், வரிசை குலையாமல், கட்டு அவிழ்க்குமுன் எந்தக் கட்டில் எது என்று எழுதிவிட்டு. எண்கள் தமிழ் எண்கள்: ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம், பின்னம் மாகாணி, அரைக்கால் என்று வரும், ஒரு வாரம் பழகினால் படிக்கலாம். வீட்டில் வைக்க இடமில்லை என்றால் நூலகங்கள் உண்டு. கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகங்களும் காகிதங்களும்தான் இன்று சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. நம்ம ஊர்க்காரர் காகிதத்தைக் காப்பாற்றித்தான் அது நடந்தது.

பெரியவர்கள் பயப்படுவது எனக்குப் புரிகிறது. தோண்டினால் வட்டிக்காரன் என்ற பழைய வசவு மறுபடி வரும் என்று நினைக்கிறார்கள். வரலாம். பர்மாவில் அந்த வசவோடு அரசியல்வாதிகள் விளையாடியதும், அதன் விலையைக் கடைசியில் கூலிகளும் சமையல் ஆட்களும் மலையில் கொடுத்ததும் உண்மை. அதையும் சேர்த்து எழுதினால்தான் முழுக் கதை. பேரேட்டில் முதலாளிக்கு நல்லதாகவும் நிறைய இருக்கும்; கணக்கு சுத்தமாக இருக்கும், நான் பார்த்த வரையில் ஆட்களின் வீட்டுக்கு மாதா மாதம் பணம் போய்ச் சேர்ந்திருக்கும். ஒளிக்க வேண்டியதைவிடக் காட்ட வேண்டியது அதிகம் என்பதுதான் பதினொரு வீடுகள் பார்த்த என் அனுபவம். தெருவில் நடிப்பதெல்லாம் இப்போதைக்கு வேண்டாம். பிஸ்பியே நூறு வருஷம் எடுத்துக்கொண்டது.

படம் எடுத்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டில் தலைமுறையாக வேலை பார்த்த குடும்பங்கள் இன்னும் உங்கள் ஊரிலேயே இருக்கும். அவர்கள் வீட்டுக்குப் போங்கள், அவர்களை உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லாதீர்கள். அவர்கள் வீட்டில் யாராவது பர்மா போனார்களா, பேர் என்ன, திரும்பி வந்தாரா என்று மட்டும் கேளுங்கள். காரைக்குடி பர்மா காலனியில் 1964-க்குப் பிறகு வந்தவர்களில் வயதானவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள். அவர்களுக்கு முந்தின தலைமுறைக் கதை தெரிந்திருக்கலாம். பேர் கிடைத்தால் உங்கள் பேரேட்டின் அந்த வருஷத்துப் பக்கத்தில், மூலத்தில் எழுதாமல், தனித்தாளில் எழுதிச் சொருகிவையுங்கள். சுக்கில வருஷத்தில் பர்மாவின் அக்கியாபிலோ பியாபோனிலோ கடையில் இருந்த சமையல் ஆள் என்று ஏதாவது தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள். ஊர் தேவகோட்டைப் பக்கம் என்றால் அவசியம் சொல்லுங்கள். கணவாயில் விடுபட்ட அந்தப் பையனுக்கு இன்னும் பேர் தேடிக்கொண்டிருக்கிறேன்.